கிணற்றுச் சேற்றில் கிடந்த ராக்கெட்டுகள்

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம். கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்ற சிற்றூர். அங்கே தொல்லியல் துறையினர் பாழடைந்த கிணறு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வற்றிப்போன கிணற்றின் சேற்றில் வெடிமருந்து வாடை வீசியது. தோண்டத் தோண்ட, முழத்துக்கும் குறைவான நீளமுள்ள இரும்புக் குழல்கள் குவியலாக வெளிவந்தன. எண்ணிப் பார்த்தால் ஆயிரத்துக்கும் மேல்!

அவை ராக்கெட்டுகள். ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் ஆங்கிலேயர்மீது ஏவினார்களே, அதே வகை ராக்கெட்டுகள். 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் நடந்த போரில் இவை கும்பினிப் படையைக் கலங்கடித்தன. மூங்கிலுக்கும் காகிதத்துக்கும் பதிலாக இரும்புக் குழலுக்குள் மருந்தைக் கெட்டித்ததுதான் மைசூர்க்காரர்களின் புதுமை. இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும்; அதனால் ராக்கெட் அதிக தொலைவு போகும். இதே வட்டாரத்தில் 2002-லேயே சுமார் 160 குழல்கள் கிடைத்திருந்தன. அவை ராக்கெட்டுகள்தாம் என்று தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

மாணவ நண்பர்களே, சரித்திர ஆசிரியருக்கு இது திப்புவின் கதை. நமக்கோ வேறொரு கேள்வி எழுகிறது. நகரா மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருமழை பெய்யும் பகுதி. அந்த ஈர மண்ணில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இரும்பு எப்படித் தாக்குப் பிடித்தது? துருப்பிடித்துத்தான் இருந்தது, ஆனாலும் குழல் குழலாகவே இருந்தது.

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். ஐப்பசி மழைக்காலத்தில் வரப்போரம் தவறவிட்ட களைக்கொத்து, பங்குனியில் உழும்போது அகப்பட்டால் எப்படி இருக்கும்? பொருக்குப் பொருக்காகத் துரு உதிரும். ஐந்தே மாதத்தில் இந்தக் கதி. அங்கே இருநூறு ஆண்டு, இங்கே ஐந்து மாதம். இரண்டும் மண்தான், இரண்டும் இரும்புதான். வேறுபாடு எங்கே இருக்கிறது?

துரு என்பது ஒரு மின்கலம்

துருப்பிடிக்க நீரும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று ஆணிகளைப் போட்டுச் செய்யும் சோதனையை மறந்திருக்க மாட்டீர்கள். கொதிக்க வைத்த நீரில், மேலே எண்ணெய் மூடிய ஆணி துருப்பிடிக்காது. நீரற்ற கால்சியம் குளோரைடு போட்டு அடைத்த குழாயிலும் துருப்பிடிக்காது. சாதாரண நீரில் பாதி அமிழ்ந்த ஆணிதான் சிவக்கும்.

ஏன் இரண்டும் வேண்டும்? இரும்பின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு அயனியாக நீரில் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் இரும்பின் ஊடே ஓடி, சற்றுத் தள்ளி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் போய்ச் சேருகின்றன. மின்னோட்டம் ஓடுகிறது! கம்பி இல்லை, சுவிட்ச் இல்லை. இரும்பே கம்பி, நீரே மின்பகுளி. நீரில் உப்பு கலந்திருந்தால் மின்னோட்டம் இன்னும் எளிதாக ஓடும்.

இப்படி உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அது படலமாக ஒட்டிக்கொள்ளாமல் பொருக்காக எழும்பி உதிர்கிறது. கட்டடங்களில் கான்கிரீட்டைப் பிளப்பதும் இந்த வீக்கம்தான். அலுமினியத்தின் ஆக்சைடு அதன்மேல் போர்வையாகப் படிந்து காக்கிறது. இரும்பின் துருவோ கிழிந்த போர்வை.

இன்னொரு செய்தி. துருப்பிடிக்க இரும்பு நனைய வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் வெர்னன் என்பவர் 1930-களை ஒட்டிய ஆண்டுகளில் பொறுமையாகச் செய்த சோதனைகள் இதைக் காட்டின. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு அநேகமாக அப்படியே இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று ஏறும். தூய இரும்புக்கு இந்த எல்லை ஏறத்தாழ 60 விழுக்காடு. அதற்கு மேல் போனால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உலோகத்தின்மேல் படியத் தொடங்கிவிடுகிறது.

காய்ந்த மண்ணும் ஈரமானதே

இனி மண்ணுக்கு வருவோம். சித்திரை வெயிலில் ராசிங்காபுரத்து மானாவாரி நிலத்தில் ஒரு முழம் தோண்டுங்கள். மண் பொலபொலவென்று காய்ந்திருக்கும். அந்த மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் எவ்வளவு இருக்கும்? முப்பது விழுக்காடு, நாற்பது விழுக்காடு என்று சொல்லத் தோன்றும். உண்மையில், செடி வேர்கள் இனி நீர் உறிஞ்ச முடியாது என்று வாடிப்போகும் நிலையில் உள்ள மண்ணில்கூட, துளைகளில் இருக்கும் காற்றின் ஈரப்பதம் 99 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்! செடிக்குத் தண்ணீர் இல்லாத மண்ணிலும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கத் தேவையான ஈரம் இருக்கிறது. வெயில் நேராகப் படும் மேல்மண் மட்டுமே இதற்கு விலக்கு.

ஆகவே இரும்பை மண்ணில் புதைப்பது என்பது அதை 60 விழுக்காட்டு எல்லைக்கு வெகு மேலே கொண்டுபோய் வைப்பதாகும். பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் தப்பித்துவிடுமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

ஓர் அருங்காட்சியகத்தார் பழைய துப்பாக்கி ஒன்றை மரப்பெட்டியில் வைத்து, ராசிங்காபுரத்தில் மூடி, போடிமெட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பெட்டியில் 60 லிட்டர் காற்று இருக்கிறது. சமவெளியில் பிற்பகல் வெப்பநிலை 30° செ.; ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடு. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தெவிட்டிய நிலையில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 60 விழுக்காடு 18 கிராம். மலைமேல் இரவில் வெப்பநிலை 15 டிகிரிக்கு இறங்குகிறது. அந்த வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடியது 13 கிராம் அளவே. மீதி 5 கிராம் எங்கே போகும்? பனியாகப் படியும். நம் பெட்டி 60 லிட்டர்தான்; எனவே படிவது மூன்றில் ஒரு பங்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஆறு சொட்டு நீர். ஆறு சொட்டுத்தானே என்று எண்ணாதீர்கள். குளிர்ந்த இரும்பின் மேனி முழுவதும் அது பரவும். அந்த ஆறு சொட்டு நீருக்குச் சுமார் இரண்டு கிராம் இரும்பைத் துருவாக்கும் ஆற்றல் உண்டு.

பகலில் பெட்டி சூடாகும்போது காற்று விரிந்து இடுக்கு வழியே கொஞ்சம் வெளியேறும். இரவில் சுருங்கும்போது வெளியிலிருந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். பெட்டி மூச்சு விடுகிறது! ஒவ்வொரு மூச்சிலும் சில மில்லிகிராம் நீர் உள்ளே போகிறது. மண்ணுக்கடியில் பகல் இரவு வேறுபாடு குறைவு. இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை அதிகம் மாறாது. ஆகவே மூச்சு மெதுவாகிறது. ஆனால் அங்கே வெளிக்காற்று எப்போதும் 99 விழுக்காடு ஈரம். மரம் நீராவியை விடும். பிளாஸ்டிக்கும் மெதுவாக விடும். அவசரமில்லை, மண்ணுக்கு எவ்வளவோ காலம் இருக்கிறது.

மலைக்காரர்களுக்கு இந்தச் சங்கதி புதிதன்று. ஏலக்காயைப் பறித்ததும் ஸ்டோரில் வைத்துச் சூடு காட்டி உலர்த்துகிறார்கள் அல்லவா? ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகச் சுருங்கும். அதோடு வேலை முடிந்ததா? காற்றுப்படத் திறந்து வைத்தால் மலைமூட்டத்தில் காய் மறுபடி ஈரத்தைக் குடித்துப் பூசணம் பிடிக்கும். உலர்த்துவது ஒரு வேலை. உலர்ந்ததை அப்படியே காப்பது இன்னொரு வேலை. இரும்புக்கும் அதே விதிதான்.

காற்றில்லாச் சேறு

அப்படியானால் நகராவின் கிணறு? நீர் வேண்டிய மட்டும் இருந்தது. குறைந்தது மற்றொன்று: ஆக்சிஜன். ஆக்சிஜன் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மண்ணின் துளைகள் நீரால் அடைபட்டுவிட்டால் மேலேயிருந்து ஆக்சிஜன் இறங்குவது நின்றதற்குச் சமம். இறங்கும் சிறிதளவையும் சேற்றில் அழுகும் இலைகளை உண்ணும் நுண்ணுயிர்கள் வழியிலேயே தீர்த்துவிடும். நகராவின் சேற்றைப் பற்றி என் கணிப்பும் இதுதான்: ஆண்டில் பெரும்பகுதி நீர் நின்ற, காற்றுப் புகாத சேறு, அதில் ஆயிரம் குழல்கள் நெருக்கமாகக் கிடந்தன. வெளிப்புறக் குழல்கள் வந்த ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு உள்ளே இருந்தவற்றைக் காத்திருக்கும்.

இதைவிடப் பழைய சாட்சி ஐரோப்பாவில் இருக்கிறது. டென்மார்க் நாட்டில் நிடாம் என்ற சதுப்பு நிலம். சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்னும் அதற்குச் சற்று முந்தியும், போரில் கைப்பற்றிய வாள்களையும் ஈட்டிகளையும் மக்கள் அந்தச் சதுப்பில் காணிக்கையாக இட்டார்கள். எங்கெல்ஹார்ட் என்பவர் 1859 முதல் 1863 வரை அங்கே தோண்டினார். வாள்களோடு ஒரு பெரிய ஓக் மரப் படகும் கிடைத்தது. 1989-இல் மீண்டும் தொடங்கிய அகழாய்வில் மேலும் பல ஆயுதங்கள் வந்தன. பிறகு அவர்கள் ஒரு வியப்பான முடிவு எடுத்தார்கள். மீதமுள்ளதை எடுக்கப் போவதில்லை, மண்ணிலேயே இருக்கட்டும் என்றார்கள்! அதோடு விடவில்லை. புதிய இரும்புத் துண்டுகளைப் பழையவற்றின் அருகே புதைத்து, சில ஆண்டுகள் கழித்து எடுத்து, எவ்வளவு கரைந்தது என்று அளந்தார்கள். நிலத்தடி நீர்மட்டமும் சேற்றிலுள்ள ஆக்சிஜனும் தொடர்ந்து அளக்கப்பட்டன. பழைய வாள்களின்மேல் சிவப்புத் துரு இல்லை. அங்கே முக்கியமாக இருந்தது இரும்புக் கார்பனேட். காற்றில்லாத இடத்தில்தான் அது நிலைக்கும். நீர்மட்டம் குறையாதவரை சதுப்பே நல்ல அருங்காட்சியகம் என்பது அவர்கள் கணக்கு. இது துணிச்சலான முடிவு. எனக்குப் பிடித்த முடிவும்கூட.

காற்றில்லாவிட்டால் இரும்பு என்றென்றும் பிழைக்கும் என்று உடனே எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். நெதர்லாந்து நாட்டின் ஈரக் களிமண்ணில் புதைத்த வார்ப்பிரும்புக் குழாய்கள், ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் அரித்துப்போயின. வான் வோல்ட்சோகன் கூர், வான் டெர் ஃப்ளுக்ட் என்ற இருவர் 1934-இல் இதற்கு விளக்கம் கூறினார்கள். சல்பேட்டைச் சல்பைடாக மாற்றி உயிர்வாழும் பாக்டீரியாக்கள் அந்த மண்ணில் இருக்கின்றன. ஆக்சிஜன் செய்ய வேண்டிய வேலையை இவை வேறு வழியில் செய்துவிடுகின்றன. வற்றிய கண்மாயின் அடிச்சேற்றைக் கிளறும்போது கரிய நிறமும் அழுகிய முட்டை நாற்றமும் வருமே, அந்த இரண்டுக்கும் காரணம் இவற்றின் சல்பைடுதான். ஆகவே சேற்றிலும் நல்ல சேறு, பொல்லாத சேறு என்று உண்டு. சல்பேட் உப்பு குறைந்த மலைச்சேறு இரும்புக்கு நல்லது. கடலோரச் சேறு பொல்லாதது.

பாதி உள்ளே, பாதி வெளியே

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. இரும்பின் ஒரு பகுதிக்குக் காற்று தாராளமாகக் கிடைத்து, மறு பகுதிக்குக் கிடைக்காமல் போவது. கம்பிவேலியின் இரும்புக் கம்பத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் ஒடிகிறது? நட்டுவைத்த இடத்தில், தரையை ஒட்டிச் சற்றுக் கீழே. மேலே உள்ள இரும்பு எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் கொடுக்கும் இடமாகிறது. அந்த எலக்ட்ரான்களைத் தருவதற்காகக் கீழே உள்ள இரும்பு கரைகிறது. காற்று குறைந்த பக்கமே அரிக்கப்படுகிறது! முழுவதும் சேற்றில் இருந்தால் பிழைத்திருக்கும் இரும்பு, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கெடுகிறது.

டில்லி இரும்புத் தூணை எல்லோரும் அறிவீர்கள். ஏழு மீட்டருக்கும் மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, 1,600 ஆண்டு வயது. துருப்பிடிக்காத அதிசயம் என்று பாடநூல்கள் அதைப் போற்றுகின்றன. தரைக்கு அடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கிறதே, அது எப்படி இருக்கிறது? 1961-இல் தூணைத் தோண்டிப் பார்த்தபோது புதைந்திருந்த பகுதியில் நன்றாகத் துருவேறிக் குழிகள் விழுந்திருந்தன. பிறகு ஈயத் தகடு சுற்றி மீண்டும் நிறுத்தினார்கள்.

ஒரே தூணில் ஏன் இந்தப் பாகுபாடு? கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்து 2009-இல் மறைந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதற்கு விடை கண்டார். அன்றைய கொல்லர்கள் கரியால் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். கால் விழுக்காடு அளவுக்கு இருக்கிறது. மழையில் நனைவதும் வெயிலில் காய்வதுமாக மாறி மாறி நடக்கும்போது, இந்தப் பாஸ்பரஸ் இரும்புக்கும் துருவுக்கும் இடையே பாஸ்பேட் படலம் ஒன்றை மெல்ல உண்டாக்கியது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். காய்வதே இல்லாத மண்ணுக்கடியில் அந்தப் படலம் உருவாக வாய்ப்பில்லை. தஞ்சாவூர்ப் பீரங்கி மேட்டில் இரகுநாத நாயக்கர் காலத்துப் பெரும் பீரங்கி இருக்கிறது. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஒட்டிய 25 அடிப் பீரங்கி! நானூறு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் கிடந்தும் அது பெரிதாக அழியவில்லை. அதையும் அதே பேராசிரியர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதை மண்ணில் புதைத்திருந்தால் இன்று நாம் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள முடியாது.

தோண்டி எடுத்தபின் வரும் ஆபத்து

இரும்புக்கு மிகப் பெரிய ஆபத்து அது மண்ணை விட்டு வெளியே வரும் நாளில் தொடங்குகிறது. இதை அறியாமல் இழந்த பொருள்கள் ஏராளம்.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியபோது, தாழிகளோடு இரும்பு வாள்களும் ஈட்டி முனைகளும் கிடைத்தன. அவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுசெல்லும் அளவீடுகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டது. இவ்வளவு பழமையை அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விவாதம் எப்படி முடிந்தாலும், அதற்குச் சான்றாக இருப்பவை துருவேறிய சில துண்டுகள்தாம். அவை பொடியாகிவிட்டால் நாளைக்குப் புதிய கருவி வந்தும் பயனில்லை.

பொடியாக்குவது எது? உப்பு. மண்ணில் கிடந்த நூற்றாண்டுகளில் குளோரைடு அயனிகள் துருவின் ஊடே நுழைந்து, மீதமிருக்கும் உலோகத்தின் மேற்பரப்பில் போய்த் தங்கிவிடுகின்றன. மண்ணுக்குள் இருக்கும்வரை ஒருவகைச் சமநிலை. வெளியே எடுத்ததும் துரு காய்ந்து வெடிக்கிறது; வெடிப்பு வழியே ஆக்சிஜன் புகுகிறது; உள்ளே இருக்கும் இரும்புக் குளோரைடு காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. சில வாரங்களில் பொருளின்மேல் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் முத்து முத்தாக நீர் துளிர்க்கும். இரும்பு அழுகிறது என்பார்கள். அதன்பின் செதில் செதிலாகப் பெயரும். 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலின் இரும்புக் குண்டுகளும் இதற்குத் தப்பவில்லை. பதப்படுத்திய பிறகும் சில குண்டுகள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வெடித்துக் கெட்டன.

தூய இரும்புக்கு எல்லை 60 விழுக்காடு என்றோம். உப்பேறிய இரும்புக்கு அது போதாது. 20 விழுக்காட்டிலும் அரிமானம் மெல்ல நடக்கும், 12 விழுக்காட்டுக்குக் கீழேதான் அநேகமாக நிற்கும். பிரிஸ்டல் துறைமுகத்தில் 1843-இல் கடலில் இறங்கிய ‘கிரேட் பிரிட்டன்’ என்ற இரும்புக் கப்பல் நிற்கிறது. அதன் அடிப்பகுதியைக் கண்ணாடிக் கூரையால் மூடி, உள்ளே இருக்கும் காற்றை 2005 முதல் இயந்திரங்களால் 20 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைத்திருக்கிறார்கள். பாலைவனத்தை ஒத்த காற்று! சிறிய பொருள்களுக்கு வேறு வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நார்த், பியர்சன் என்ற இருவர் 1975-இல் சொன்ன முறைப்படி, எரிசோடாவும் சோடியம் சல்பைட்டும் கலந்த வெந்நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்தால் குளோரைடு வெளியே வந்துவிடும். இது கைதேர்ந்த வேதியியலார் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் வீட்டில் முயலக்கூடாது.

எண்ணெயும் காகிதமும்

புதிய இரும்பைக் காக்கும் வழிகள் எளியவை. கொல்லர் அரிவாளுக்கு எண்ணெய் தடவித் தருவார். எண்ணெய் நீரை விலக்கும். ஆனால் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாள்பட்டால் சிக்கெடுத்து அமிலமாகும். அந்த அமிலமே இரும்பை அரிக்கும். நெடுங்காலத்துக்குக் கனிம எண்ணெயிலிருந்து எடுத்த கிரீஸ்தான் சரி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் காஸ்மோலின் என்ற மெழுகுபோன்ற கிரீஸில் துப்பாக்கிகளைத் தோய்த்துக் கப்பலேற்றினார்கள். 1940-களில் வேறொரு தந்திரமும் பிறந்தது: தானே மெல்ல ஆவியாகி இரும்பின்மேல் படிந்து துருவைத் தடுக்கும் வேதிப்பொருளைக் காகிதத்தில் பூசி, அந்தக் காகிதத்தால் சுற்றிவைப்பது. பந்து உருளைகளும் ரம்பங்களும் வாங்கும்போது வரும் மெழுகுக் காகிதத்தைத் தூக்கி எறியாதீர்கள். அது இந்தச் சாதியாக இருக்கலாம்.

எண்ணெய் தடவுமுன் உப்பு நீங்கியிருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கருமருந்து எரிந்த துப்பாக்கிக் குழலில் பொட்டாசியம் உப்புகள் தங்கும். அவை நீரை ஈர்க்கும். அதனால் அக்காலச் சிப்பாய்கள் குழலை முதலில் வெந்நீரால் கழுவி, நன்கு காயவைத்து, பிறகே எண்ணெய் இட்டார்கள். துருவைத் தடுக்க இரும்பைத் தண்ணீரால் கழுவுவதா என்று கேட்காதீர்கள். கரையும் உப்பை வேறெதனால் கழுவுவது? உங்கள் விரலின் வியர்வையும் உப்புத்தான். பளபளப்பான இரும்பைத் தொட்டுவிட்டு மேலே எண்ணெய் பூசினால், சில நாளில் உங்கள் கைரேகை துருவாகவே எழுந்து நிற்கும். அருங்காட்சியகத்தார் கையுறை அணிவது இதற்காகவும்தான்.

அரிமானத்தையே தொழிலாக ஆராயும் நிலையம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்ததால் காரைக்குடியில் 1948-இல் கால்கோளிடப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. இந்தியாவின் பல ஊர்களில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் தொங்கவிட்டு, எங்கே எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து நாட்டுக்கே ஓர் அரிமான வரைபடம் தயாரித்தவர்கள் அவர்கள். அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு உங்கள் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் ஊர் மண்ணில் ஏதாவது கிடைத்தால்

தேனி மாவட்டத்து மண்ணும் வெறும் மண்ணன்று. ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. நாளைக்கு உங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது தாழியோ துருவேறிய இரும்போ வரலாம். வந்தால் தேய்க்காதீர்கள், புளி போட்டு விளக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். பொருளின் உண்மையான வடிவம் உலோகத்தில் இருக்காது. துருவின் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும். வாளைச் சுற்றியிருந்த துணியின் நெசவுகூடத் துருவில் அச்சாகப் பதிந்திருக்கும். நீங்கள் சுரண்டி எறிவது அதைத்தான். சுற்றியுள்ள ஈர மண்ணோடு அப்படியே மூடிவைத்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி தெரிவிப்பது கடமையும் ஆகும். கிடைத்தது துப்பாக்கியாகவோ குண்டாகவோ தோன்றினால் தொடவே வேண்டாம். நேரே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நகராவின் சேற்றில் அவ்வளவு காலம் கழித்தும் மருந்து வாடை அடித்ததை நினைவில் வையுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே பெட்டியில் வாங்கிய நான்கு அங்குல ஆணிகள் நான்கு எடுங்கள். எண்ணெய்ப் பசை போகச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, பள்ளி ஆய்வகத் தராசில் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள நான்கு பிளாஸ்டிக் டப்பாக்கள் வேண்டும். முதல் டப்பாவில் அடுப்பில் வறுத்து ஆறிய மணல். மூடியை இறுக்கி மூடுங்கள். இரண்டாவதில் உங்கள் நிலத்து மண்ணை அப்படியே நிரப்பி மூடியில் சில துளைகள் இடுங்கள். மூன்றாவதில் அதே மண்ணோடு இரண்டு தேக்கரண்டி உப்பும், பிசுபிசுக்கும் அளவு நீரும் சேருங்கள். இதற்கும் துளை உண்டு. நான்காவதில் கண்மாய்ச் சேறு; அதன்மேல் நான்கு விரல் உயரம் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். ஆணி ஒவ்வொன்றும் முழுவதும் புதைந்திருக்க வேண்டும்.

அறுபது நாள் கழித்து எடுத்து, உப்புத்தாளால் துருவை நீக்கி, உலர்த்தி மறுபடி நிறுங்கள். எடை குறைவை ஆணியின் முதல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் விழுக்காடு வரும். எது அதிகம் இழக்கும், எது குறைவாக இழக்கும் என்று புதைக்கும் அன்றே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். நான்காவது டப்பாவைக் கொட்டும்போது வகுப்பறைக்கு வெளியே கொட்டுங்கள். மூக்கையும் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.